எட்டு என்று சொன்ன நான்கு

நுழையும் முன்

ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்று சொல்வது எளிது. எங்கே பழுது, ஏன் பழுது என்று கண்டறிவது அரிது. தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், விளையாட்டுக் கணினி ஒன்றின் பழுதைத் தேடிய பத்து நாள்களைப் பற்றியது இக்கட்டுரை.

இரண்டு நினைவகங்கள்

கணினியின் உள்ளே இருக்கும் நினைவகம் ஒன்றே ஒன்றன்று. மையச் செயலியின் பயன்பாட்டுக்காகத் தாய்ப்பலகையில் செருகப்படுவது முதன்மை நினைவகம். இதனை ரேம் என்று அனைவரும் அறிவர். திரையில் தோன்றும் காட்சிகளை வரைவதற்காகவே கிராஃபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டையில் பதிக்கப்பட்டிருப்பது மற்றொன்று. அதனை வரைகலை நினைவகம் என்று கூறலாம். கடைத்தெருவில் அதன் பெயர் வி-ரேம்.

இவ்விரண்டின் வேறுபாட்டை அறிய நம் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பார்த்தால் போதும். அடுப்புக்கு அருகில் ஒரு மேடை இருக்கிறது. உடனே வேண்டிய உப்பும் புளியும் கரண்டியும் அதன்மேல் இருக்கும்; கை நீட்டினால் எடுத்துவிடலாம். பின்கட்டில் சரக்கறை இருக்கிறது. அங்கே இடம் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் நடந்து சென்று எடுத்து வர வேண்டும். வரைகலை நினைவகம் அடுப்பு மேடை; முதன்மை நினைவகம் சரக்கறை. மேடை நிறைந்துவிட்டால் பாத்திரங்கள் சரக்கறைக்குப் போகும். சமையல் நின்றுவிடாது, ஆனால் தடுமாறும்.

மேடையின்மேல் வைக்கப்படும் பொருள்கள் எவை? 1920 படப்புள்ளி அகலமும் 1080 படப்புள்ளி உயரமும் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 4 பைட் தேவையெனில், ஒரு முழுத்திரைக் காட்சிக்கு ஏறத்தாழ 8 மெகாபைட் போதும். இது பெரிய சுமையன்று. உண்மையான சுமை, காட்சியில் வரும் பொருள்களின்மேல் போர்த்தப்படும் மேற்பரப்புப் படங்களே ஆகும். மரத்தின் பட்டை, சுவரின் காரை, வீரனின் சட்டை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் உண்டு. விளையாடுவோர் இவற்றை டெக்ஸ்சர் என்பர். 4096 புள்ளி அகலமும் அதே அளவு உயரமும் உடைய ஒரு படம், சுருக்கப்படாத நிலையில் 64 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். பக்க அளவைப் பாதியாக்கி 2048 என்று வைத்தால் 16 மெகாபைட் போதும். பக்கம் பாதியானால் பரப்பு கால்பங்காகிறது என்ற கணக்குப் பாடம் இங்கே கண்ணெதிரே நிற்கிறது. விளையாட்டு நிறுவனங்கள் இப்படங்களைச் சுருக்கியே வைக்கின்றன. ஆயினும் ஒரு காட்சியில் அவை நூற்றுக்கணக்கில் வருவதால் மேடை விரைவில் நிறைந்துவிடுகிறது.

சனிக்கிழமைத் தமிழ்

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் அக்குடும்பம் வசிக்கிறது. தந்தை மைய அரசு அலுவலகத்தில் எழுத்தர். தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். அக்கா பதினோராம் வகுப்பு. தம்பி எட்டாம் வகுப்பு. சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு அருகில், தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே தாயின் அண்ணன் வீட்டில் ஆச்சி இருக்கிறார்.

தீபாவளி ஊக்கத்தொகையில் தந்தை ஒரு பழைய கணினியை வாங்கித் தந்தார். தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை கணினிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெருக்கள். அத்தகைய கடைத்தெரு ஒன்றில், "எட்டு ஜி.பி. கிராஃபிக்ஸ்" என்று சொல்லி ஒரு வணிகர் அதனை விற்றார். அட்டையின் பெயர் ஜிடிஎக்ஸ் 1650. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த வகை அது.

அக்கணினி வந்த பிறகு தம்பிக்குச் சனிக்கிழமை மாலைகள் வேறாயின. ஊரில் இருக்கும் மாமா மகனும் அவனும் ஒரே விளையாட்டில் சேர்ந்து கொண்டனர். மலையும் காடும் ஆறும் நிறைந்த பெரியதோர் உலகில் இருவரும் ஒன்றாய் அலைவது அவ்விளையாட்டு. இருவரும் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே விளையாடுவர்.

அப்பேச்சு முழுவதும் தமிழில் நடந்தது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் இந்தியும் பேசும் சிறுவனுக்கு வீட்டுக்கு வெளியே தமிழ் பேசக் கிடைத்த ஒரே இடம் அது. இடம், வலம் என்று வழி சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். மாமா மகனோ ஊர் வழக்கப்படி, "தெற்கே போ, பிறகு கிழக்கே திரும்பு" என்றே சொல்வான். ஊரில் அடுக்களைக் குவளையைக் கூட அவர்கள் மேற்குப் பக்கம் நகர்த்தி வைப்பவர்கள். தம்பி முதலில் திகைத்தான். பின்னர் திரையின் மேலே இருந்த திசைகாட்டியைப் பார்க்கப் பழகினான். இரண்டு மாதங்களில் தன் வீட்டு வாசல் எத்திசையை நோக்கியது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விளையாட்டின் நடுவே திரை திக்கித் திக்கி நகரத் தொடங்கியது. சற்று நேரத்தில் அது உறைந்தது. போதிய வீடியோ நினைவகம் இல்லை என்ற செய்தி ஒன்று தோன்றி, விளையாட்டு மூடிக்கொண்டது. மறுவாரமும் அவ்வாறே ஆயிற்று. அதற்கடுத்த வாரமும் மாமா மகன் மறுமுனையில், "எங்கே போனாய்? எங்கே போனாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பதினெட்டாயிரம் ரூபாய்

பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். திரையில் தோன்றிய செய்தியைப் படித்தார். பெட்டியைத் திறக்கவில்லை. "அட்டையின் நினைவகம் கெட்டுவிட்டது. புதிய அட்டை போட வேண்டும். பதினெட்டாயிரம் ஆகும்" என்று கூறிச் சென்றார்.

அத்தொகை வீட்டில் இல்லாமல் இல்லை. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று வருவதற்காகத் தந்தை மாதந்தோறும் எடுத்து வைத்த பணம் இருந்தது. திருக்குறள் விரைவு வண்டியில் நால்வரும் திருநெல்வேலி போய்த் திரும்பும் கட்டணமும் அங்கே ஆகும் செலவும் சேர்ந்த தொகை அது. அதை அட்டைக்குக் கொடுத்தால் இவ்வாண்டுப் பயணம் இல்லை. மூன்று ஆண்டுகளாக ஆச்சியைப் பார்க்கவில்லை.

தந்தை கோபப்படவில்லை. "தொடர்வண்டிப் பயணத்துக்கு அறுபது நாளுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்கும். அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

தம்பி அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. வாரந்தோறும் மாமா மகனோடு பேசுவதா, ஒருமுறை நேரில் சென்று பார்ப்பதா என்று ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அக்கா அவன் அருகில் வந்து அமர்ந்தாள்.

"அட்டை கெட்டுவிட்டது என்பதற்கு அவர் என்ன சான்று காட்டினார்?" என்று கேட்டாள்.

"நினைவகம் இல்லை என்று திரையே சொல்கிறதே, அக்கா!"

"இல்லை என்றுதான் சொல்கிறது. கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை."

இடம் போதாமை வேறு. இடம் பழுதாதல் வேறு. இவ்வேறுபாடுதான் அவர்களுடைய தேடலின் தொடக்கம்.

குறிப்பேடு

அக்கா ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் இரண்டு விதிகளை எழுதினாள். ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டு, பார்த்ததை உடனே எழுத வேண்டும்.

முதல் நாள், நினைவகம் உண்மையில் பழுதா என்று பார்த்தனர். வரைகலை நினைவகத்தின் சில்லுகள் கெட்டிருந்தால் திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் சதுரங்கக் கட்டங்களும் தோன்றுவது வழக்கம். பல வேளைகளில் அவை விளையாட்டில் மட்டுமன்றி, கணினியை இயக்கியவுடன் வரும் முதல் திரையிலேயே தெரிந்துவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லை. படம் பார்க்கும்போதும் பாடம் எழுதும்போதும் திரை தெளிவாகவே இருந்தது. 'பழுது என்பதற்கு இதுவரை சான்று இல்லை' என்று அக்கா எழுதினாள். 'பழுது இல்லை' என்று எழுதவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் நாள், கம்பி இணைப்பைப் பார்த்தனர். கணினிப் பெட்டியின் பின்புறம் திரையை இணைக்கும் துளைகள் இரண்டு இடங்களில் இருக்கலாம்: தாய்ப்பலகையில் ஒன்று, வரைகலை அட்டையில் ஒன்று. தவறித் தாய்ப்பலகையில் செருகிவிட்டால், விலைகொடுத்து வாங்கிய அட்டை சும்மா இருக்க, செயலியோடு வரும் சிறிய வரைகலைப் பகுதி வேலை செய்ய நேரிடும். பலர் வீட்டில் நடக்கும் பிழை இது. இங்கே கம்பி சரியான இடத்திலேயே இருந்தது.

மூன்றாம் நாள், வெப்பத்தைச் சோதித்தனர். விளையாடும்போது அட்டை 78 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. பெட்டியைத் திறந்தபோது தில்லியின் புழுதி மெத்தைபோல் படிந்திருந்தது. மின்னிணைப்பை முழுவதும் துண்டித்தபின், தாயின் வண்ணத்தூரிகையால் மெல்லத் துடைத்தனர். மீண்டும் விளையாடியபோது வெப்பம் 71 டிகிரியாகக் குறைந்தது. ஆனால் விளையாட்டு முன்போலவே 23ஆவது நிமிடத்தில் மூடிக்கொண்டது. தம்பி சோர்ந்தான்.

"இதுவும் வீண்" என்றான்.

"வீணன்று. வெப்பம் காரணமன்று என்று இன்று தெரிந்துகொண்டோம். நாளை அதைத் தேட வேண்டியதில்லை" என்றாள் அக்கா.

நான்காம் நாள், அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினர். 24ஆவது நிமிடத்தில் விளையாட்டு நின்றது. அதையும் எழுதினர்.

எட்டு எங்கிருந்து வந்தது?

ஐந்தாம் நாள் அக்கா வேறு வழியில் சென்றாள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பகுதி உண்டு. கணினியின் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை அது காட்டும். அதில் வரைகலைப் பிரிவைத் திறந்ததும் தம்பி மகிழ்ச்சியோடு, "பார் அக்கா, எட்டு ஜி.பி. என்றுதான் இருக்கிறது!" என்றான்.

அக்கா கீழே உள்ள வரிகளையும் படித்தாள். அங்கே மூன்று எண்கள் இருந்தன. தனி நினைவகம் 4. பகிர்வு நினைவகம் 4. இரண்டையும் கூட்டிய மொத்தம் 8.

தனி நினைவகம் என்பது அட்டையின்மேல் உண்மையாகவே உள்ள இடம். பகிர்வு நினைவகம் என்பது, தேவைப்பட்டால் முதன்மை நினைவகத்திலிருந்து கடன் வாங்கிக்கொள்ள விண்டோஸ் விட்டுவைக்கும் இடம். முதன்மை நினைவகத்தில் பொதுவாகப் பாதியளவு அவ்வாறு காட்டப்படும். இக்கணினியின் ரேம் 8 ஜி.பி.; அதில் பாதி 4. அடுப்பு மேடையையும் சரக்கறையில் பாதியையும் கூட்டி, "மேடை இவ்வளவு நீளம்" என்று சொன்னது போல ஆயிற்று. விற்ற வணிகர் பொய் சொன்னாரா, அவரும் அந்த மொத்தத்தை மட்டும் படித்து நம்பினாரா என்பது யாருக்கும் தெரியாது.

கடன் வாங்கிய இடம் சொந்த இடத்துக்கு ஈடாகாது. ஏன்? ஜிடிஎக்ஸ் 1650 அட்டையின் முதல் வகை, தன் சொந்த நினைவகத்தோடு நொடிக்கு 128 ஜிகாபைட் வேகத்தில் தரவைப் பரிமாறவல்லது. முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும் பாதை வழியே வர வேண்டும். அப்பாதையின் மூன்றாம் தலைமுறையில், பதினாறு தடங்களும் சேர்ந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட்தான் வரும். எட்டில் ஒரு பங்கு. திரை நொடிக்கு 60 காட்சிகள் காட்டுவதாகக் கொண்டால், ஒரு காட்சிக்குரிய இமைப்பொழுதில் சொந்த நினைவகத்திலிருந்து 2 ஜிகாபைட்டுக்கு மேல் வரும். பாதை வழியே 270 மெகாபைட் அளவே வரும். வேண்டிய பொருள் வந்து சேரும்வரை வரைவது நிற்கும். அந்த நிறுத்தம்தான் கண்ணுக்குத் திக்கலாகத் தெரிகிறது.

அன்று தம்பி விளையாட, அக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைக் குறித்தாள். ஐந்தாம் நிமிடத்தில் தனி நினைவகம் 3.3. பத்தாம் நிமிடத்தில் 3.8. பதினைந்தாம் நிமிடத்தில் 3.9, அதற்குமேல் அது நகரவில்லை. அதுவரை அசையாதிருந்த பகிர்வு நினைவகம் அப்போது ஏறத் தொடங்கியது. திரை திக்கத் தொடங்கியதும் அதே வேளையில்தான். இருபதாம் நிமிடத்தில் முதன்மை நினைவகமும் எட்டில் 7.6 நிறைந்துவிட்டது. இருபத்து மூன்றாம் நிமிடத்தில் விளையாட்டு மூடிக்கொண்டது. மேடை நிறைந்தது, சரக்கறையும் நிறைந்தது, அடுத்த பாத்திரத்தை வைக்க இடமில்லை. திரையில் தோன்றிய செய்தி, உள்ளதை உள்ளபடியே சொல்லியிருந்தது.

கடைசியாக மாறியது எது?

ஆறாம் நாள் அக்கா ஒரு கேள்வி கேட்டாள். முதல் நாளே கேட்டிருக்கத்தக்க கேள்வி அது.

"தீபாவளியிலிருந்து சனவரி வரை இது நன்றாகத்தானே ஓடியது? அதன் பிறகு எதை மாற்றினாய்?"

தம்பி சற்றுநேரம் பேசாதிருந்தான். பிறகு சொன்னான். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் மேற்பரப்புப் படத்தின் தரம் நடுத்தரத்தில் இருந்தது. மிக உயர்ந்த தரத்துக்கு 6 ஜி.பி. வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. வகுப்புத் தோழன் ஒருவன், "உன்னிடம்தான் எட்டு இருக்கிறதே, ஏன் நடுத்தரத்தில் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டான். ஆறைவிட எட்டுப் பெரியது. தம்பி மிக உயர்ந்த தரத்துக்கு மாற்றிவிட்டான்.

"யாரும் என்னைக் கேட்கவில்லை, அக்கா. அதனால்தான் நானும் சொல்லவில்லை."

கணக்கில் பிழை இல்லை. ஆறைவிட எட்டுப் பெரியதுதான். கணக்குக்குக் கொடுக்கப்பட்ட எண்தான் பிழை.

இருந்தாலும் அக்கா உடனே முடிவு கட்டவில்லை. ஏழாம் நாள், பின்னணியில் திறந்திருந்த இணைய உலாவியை மட்டும் மூடிவிட்டு விளையாடச் சொன்னாள். உலாவியும் வரைகலை நினைவகத்தில் சிறிது இடத்தை எடுத்துக்கொள்ளும். விளையாட்டு 41 நிமிடம் தாங்கியது. எட்டாம் நாள், படத்தின் தரத்தை மட்டும் நடுத்தரத்துக்குக் கொண்டு வந்தனர். தனி நினைவகம் 2.9இல் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் ஆகியும் திரை திக்கவில்லை.

தம்பி துள்ளிக் குதித்தான். அக்காவோ, "மீண்டும் பழைய தரத்தில் வை" என்றாள்.

"சரியானதை ஏன் கெடுக்க வேண்டும்?"

"இதனால்தான் சரியாயிற்று என்று எப்படித் தெரியும்? தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா?"

ஒன்பதாம் நாள், உலாவியைத் திறந்து தரத்தையும் உயர்த்தி, எல்லாவற்றையும் முன்பிருந்தபடியே வைத்தனர். 22ஆவது நிமிடத்தில் விளையாட்டு மூடிக்கொண்டது. தரத்தைக் குறைத்தனர், மீண்டும் தடையின்றி ஓடியது. மாற்றினால் நோய் போகிறது. திருப்பினால் நோய் வருகிறது. காரணம் இதுவே என்று அப்போதுதான் அக்கா எழுதினாள்.

காட்சியின் அழகு குறைந்ததா? மிக அருகில் சென்று மரப்பட்டையை உற்றுப் பார்த்தால் சிறிது மங்கல் தெரிந்தது. தொலைவில் இருந்த மலையிலும் காட்டிலும் எந்த வேறுபாடும் இல்லை. தொலைவில் உள்ள பொருள்களுக்கு விளையாட்டு எப்போதும் சிறிய படங்களையே எடுத்துக்கொள்கிறது. அக்காட்சிக்குப் பெரிய படம் இருந்தும் பயனில்லை.

செய்தி ஓரிடம், பழுது வேறிடம்

இவர்கள் வீட்டில் செய்தி சொன்ன இடத்திலேயே காரணமும் இருந்தது. எப்போதும் அப்படி அமைவதில்லை. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் சிலவற்றைப் பயன்படுத்தியவர்களின் திரையிலும், வீடியோ நினைவகம் போதவில்லை என்ற இதே வகைச் செய்தி தோன்றியது. பெரிய நினைவகம் கொண்ட விலையுயர்ந்த அட்டைகளை வைத்திருந்தவர்களுக்கும் அது வந்தது. பலர் அட்டையைத்தான் ஐயுற்றனர். தேடியபோது குறை செயலியில் இருந்தது. செயலிக்குச் செல்லும் மின்னழுத்தம் அளவுக்கு மீறி உயர்ந்ததே காரணம் என்று 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்தது. திருத்த மென்பொருளையும் வெளியிட்டது. அச்செயலிகளுக்கான உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

எண்ணை நம்பி ஏமாந்த வரலாறும் உண்டு. என்விடியா நிறுவனம் 2014ஆம் ஆண்டில் ஜிடிஎக்ஸ் 970 என்ற அட்டையை 4 ஜி.பி. நினைவகத்தோடு விற்றது. அதில் 3.5 ஜி.பி. மட்டுமே முழு வேகத்தில் இயங்கும், எஞ்சிய அரை ஜி.பி. மெதுவாக இயங்கும் என்பது 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் வழக்கு நடந்தது. வாங்கியவர்களுக்குத் தலைக்கு 30 டாலர் தருவதாக நிறுவனம் 2016இல் உடன்பட்டது. அதைக் கண்டறிந்தவர்கள், நினைவகம் 3.5ஐத் தாண்டும்போது என்ன நிகழ்கிறது என்று பொறுமையாக அளந்து பார்த்த பயனாளர்களே. அளப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எப்போதும் தேவைப்படுவதில்லை.

ஆச்சிக்குச் சொன்ன விடை

பத்தாம் நாள் காலையில் முன்பதிவு தொடங்கியது. தந்தை நான்கு பயணச்சீட்டுகளை எடுத்துவிட்டார். அன்று மாலை ஆச்சி தொலைபேசியில் அழைத்தார்.

"கணினிப் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று உன் மாமா மகன் சொன்னானே, என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

அக்காவுக்கு விடை தெரியும். ஆனால் அவ்விடை முழுவதும் அவள் மனத்தில் ஆங்கிலச் சொற்களாகவே இருந்தது. அச்சொற்களை அப்படியே சொன்னால் ஆச்சிக்கு விளங்காது. அவள் சற்றே தயங்கினாள். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

"பெட்டி கெடவில்லை, ஆச்சி. அதற்குள் ஓர் அடுப்பு மேடை இருக்கிறது. அது நாலு முழம். எட்டு முழம் என்று நினைத்துக்கொண்டு தம்பி ஊரில் உள்ள பாத்திரத்தையெல்லாம் அதன்மேல் அடுக்கிவிட்டான்."

மறுமுனையில் ஆச்சி சிரித்தார். "இதற்குப் போய் மேடையை இடித்துக் கட்டச் சொன்னாராக்கும் வந்தவர்! பாத்திரத்தைக் குறைத்தால் தீர்ந்தது" என்றார்.

பத்து நாள் தேடி அவர்கள் கண்ட முடிவை ஆச்சி ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆனால் மேடை எவ்வளவு நீளம் என்று யாராவது அளந்து சொன்ன பிறகுதான் அந்த ஒரு வரியும் பிறக்க முடிந்தது.

சிந்தித்து எழுதுக

1. இடம் போதாமைக்கும் இடம் பழுதாதலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொற்களில் விளக்குக.
2. மூன்றாம் நாள் சோதனை தோல்வியா, வெற்றியா? காரணத்துடன் எழுதுக.
3. சரியாக ஓடிய விளையாட்டை அக்கா ஒன்பதாம் நாள் மீண்டும் பழைய நிலையில் வைக்கச் சொன்னது ஏன்?
4. இடம், வலம் என்னும் சொற்களைப் பயன்படுத்தாமல், திசைகளை மட்டும் கூறி, உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை எழுதுக.
5. உங்கள் வீட்டில் பயன்படும் கருவி ஒன்றில் ஏற்பட்ட பழுதை, ஊரில் இருக்கும் உங்கள் ஆச்சிக்கோ தாத்தாவுக்கோ விளங்குமாறு ஐந்து தொடர்களில் எழுதுக.